மீறல் பூஜ்யம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் யோசித்து அனுமதியைக் கண்டுபிடித்தது. முதலிரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்றாவதை அதன் சிகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யாரென்று அடித்துச் சொல்ல முடியும். சின்னவள் வேலை பார்த்த நிறுவனத்தார்தான் அவர்கள். அனுமதி என்ற துறையில் இனி செய்வதற்கு எதையும் அவர்கள் பாக்கி வைக்கவில்லை.

சின்னவள் என்பது வீட்டில் அவளைக் கூப்பிடுவது. அக்காவுக்கு அடுத்துப் பிறந்ததைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. அலுவலகத்தில் அவளை யாரும் எப்படியும் கூப்பிட்டதில்லை. கூப்பிட நேரும் முன்பே வேலையை முடித்து அனுப்பிவிடுவாள். பேச வேண்டிய இடம் வந்தால் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வாள். அவள் செருமி முடிப்பதற்குள் அடுத்தவர் பேசி முடித்திருப்பார்.

நிறுவனத்தின் தொழில் பெட்டி. மரப்பெட்டியல்ல. ஒரு பெரிய கணினிக்குள் பல வாடிக்கையாளர்களின் மென்பொருள்களை வைத்து ஓட்டிக்கொடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. தொழில்காரர்கள் அதைக் கன்டெய்னர் என்பார்கள். தங்கும் விடுதியில் பல அறைகள் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த விடுதியில் தங்குபவருக்குப் பக்கத்து அறை என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. அந்தத் தெரியாமைக்குத்தான் வாடகை. 'ஆண்டின் மிகப் பாதுகாப்பான பெட்டி' என்று ஒரு கண்ணாடி விருது வரவேற்பறையில் விளக்குப் போட்டு வைக்கப்பட்டிருந்தது.

அலுவலகத்தில் கதவுகள் இல்லை. நிறுவனத் தலைவர் ஒருமுறை ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்து, கதவு என்பது சந்தேகத்தின் மரவடிவம் என்று அறிவித்தார். அடுத்த வாரமே தச்சர்கள் வந்து எல்லாக் கதவுகளையும் கழற்றினார்கள். கழிவறைக் கதவுகளுக்கு மட்டும், நீண்ட விவாதத்துக்குப் பிறகு, 'தற்காலிக விலக்கு' அளிக்கப்பட்டது. கழற்றிய கதவுகளில் மேசைகள் செய்தார்கள். சின்னவளின் மேசையில் சாவித்துளை அப்படியே இருந்தது. பேனா செருகி வைக்க வசதி.

நடுக்கூடத்துச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் எந்நேரமும் கடலில் சூரியன் உதித்துக்கொண்டிருக்கும். அது எதற்காக மாட்டப்பட்டது என்று யாருக்கும் நினைவில்லை. நன்றாக இருந்ததால் யாரும் கேட்கவுமில்லை.

அங்கே எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான். ஒரு மென்பொருள் ஓடவில்லையா? பெரும்பாலும் ஏதோ ஒரு கோப்பைத் தொட அதற்கு அனுமதி பற்றாமல் நின்றிருக்கும். எந்தக் கோப்பு, எவ்வளவு அனுமதி என்று தேடினால் பொழுது போய்விடும். "தெறந்து விடுங்க" என்று ஒரு குரல் வரும். எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிட்டால் உடனே ஓடும். மறுநாள் மூடிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த மறுநாள் எந்த நாட்காட்டியிலும் இதுவரை அச்சாகவில்லை.

*

அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணமாகி, எப்போதும் யாராவது ஒருவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் இருந்தாள். கொஞ்ச நாளாகத் தூக்கம் வரவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பாளாம். எழுத வந்தது எது என்பது மறந்துபோய், பிள்ளைகள் பக்கம் திரும்பவும் முடியாமல் நிற்பாளாம். சின்னவள்தான் ஒரு மனநல ஆலோசனை மையத்தைக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"நான் சொல்றதையெல்லாம் எழுதி வெப்பாங்களாடி?" என்று அக்கா கேட்டாள்.

"வெப்பாங்க. ஆனா பேப்பர்ல இல்ல, கம்ப்யூட்டர்ல. அதுவும் எங்க ஆபீஸ் பெட்டியிலதான் இருக்கு."

"உங்க பெட்டின்னா?"

"கொசு நுழையாதுக்கா."

பெருமை பேசிப் பழக்கமில்லாதவள். வாழ்க்கையில் அவள் அடித்துக்கொண்ட ஒரே தம்பட்டம் அதுதான்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அக்கா வியாழக்கிழமை தோறும் போகத் தொடங்கினாள். வீட்டில் பல் வைத்தியம் என்று சொல்லி வைத்தாள். அக்காவின் பற்களோ பற்பசை விளம்பரத்துக்கு அனுப்பலாம் போல இருக்கும்.

"வாரா வாரம் போறாளே, அந்தப் பல்லைப் புடுங்கித் தொலைச்சாத்தான் என்ன?" என்றார் மாமியார்.

"வேர் ஆழமா இருக்காம் அத்தை" என்றாள் அக்கா.

*

சின்னவளின் கணினிக் கணக்கு நிறுவனத்திலேயே கடைநிலைக் கணக்கு. கணினியில் இடம் நிறைந்துவிட்டதா என்று எட்டிப்பார்ப்பதற்கு மேல் அதற்கு அதிகாரம் கிடையாது. ஒரு நாள் மதியம், எது இவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்கப்போனவள், ஒரு படி கூடுதலாகப் போய்விட்டாள். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வரும், திரும்பிவிடலாம் என்று காத்திருந்தாள்.

அந்த இரண்டு சொற்கள் மீது அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. குரலை உயர்த்தாமல், காரணம் அடுக்காமல், எல்லையைச் சொல்லிவிடும் சொற்கள். அவளால் யாரிடமும் சொல்ல முடிந்திராத சொற்களும் அவைதான்.

அன்றைக்கு அவை வரவில்லை. அவற்றுக்குப் பதில் பெட்டிகள் வந்தன. வரிசையாக, எல்லாமே.

பெட்டிகளின் முன்பக்கத்தைக் குறை சொல்ல முடியாது. விருது வாங்கிய பூட்டு அப்படியே தொங்கியது. ஆனால் பெட்டிகளை எல்லாம் அடுக்கி வைத்திருந்த அறை, அதாவது அந்தக் கோப்புறை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்துகிடந்தது. அதற்குள்ளிருந்து பார்த்தால் எந்தப் பெட்டிக்கும் முதுகே இல்லை. உள்ளே இருப்பதைப் படிக்கலாம். உள்ளே இருக்கும் நிரல்களை, அவற்றின் சொந்தக்காரருக்குள்ள அதிகாரத்தோடேயே, ஓட்டலாம். எப்போதோ எதுவோ ஓடாமல், யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள்.

வரிசையின் நடுவில் அந்த ஆலோசனை மையத்தின் பெயர் இருந்தது. சின்னவள் அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூடத் தட்டாமல் கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பாதுகாப்புப் பிரிவின் பொறுப்பாளரை எல்லோரும் பூட்டு சார் என்பார்கள். மேசையில் ஒரு பித்தளைப் பூட்டு வைத்திருப்பார். சாவி தொலைந்து பல காலம் ஆகிறது. அதனால் அது எப்போதும் திறந்தே இருக்கும்.

"சார், பெட்டிங்க பின்பக்கம் தெறந்திருக்கு."

"எந்தப் பெட்டி?"

"எல்லாப் பெட்டியும்."

"யாராவது உள்ள போனாங்களா?"

"போக முடியும் சார்."

"முடியறது வேற, போறது வேற. என்னாலகூடத்தான் மாடியிலேருந்து குதிக்க முடியும். குதிச்சேனா?"

சின்னவள் தொண்டையைச் செருமினாள். "நான் போனேன் சார். என் கணக்குலேருந்தே போக முடிஞ்சுது."

பூட்டு சாரின் முகம் மலர்ந்தது. "நீங்களா! நீங்க நம்ம ஆளு மேடம். நம்ம ஆளு உள்ள வந்தா அதுக்குப் பேரு ஊடுருவல் இல்ல. வருகை."

"வெளியாள் யாராவது நம்ம கணக்கு ஒண்ணைத் திருடிக்கிட்டு வந்தா?"

"அப்பவும் நம்ம கணக்குலதான வர்றாரு? நம்ம கணக்குல வந்தா நம்ம ஆளுதான்."

"அந்தக் கோப்புறையோட அனுமதியை மட்டும் குறைச்சாப் போதும் சார். ஒரே வரிதான்."

குறைப்பது என்ற சொல்லைக் கேட்டதும், சம்பளத்தைச் சொன்னதுபோல அவர் பின்வாங்கினார். "குறைக்கறதா? இந்த ஆபீஸ்ல அனுமதி குடுத்திருக்கோம். குடுக்கறதுக்கு நடைமுறை இருக்கு. எடுக்கறதுக்கு நடைமுறையே இல்லையே மேடம்! இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல."

"அப்ப என்ன சார் செய்யறது?"

"நடைமுறை இல்லாத காரியம் செய்யணும்னா அனுமதி வாங்கணும்."

"யார்கிட்ட?"

"அதுக்கும் நடைமுறை இல்ல" என்றார் பூட்டு சார் பெருமூச்சுடன். "மீட்டிங் போட்டுடுவோம்."

*

கூட்டம் கூடத்தில் நடந்தது. கதவில்லாததால் அழைக்கப்படாதவர்களும் வந்தார்கள். தலைவர் தமது பெரிய ரப்பர் பந்தின் மீது அமர்ந்திருந்தார். நாற்காலி சிந்தனையை மழுங்கடிக்கும். உடம்பு ஆடினால்தான் மனம் நிற்கும் என்பது அவர் முகாமிலிருந்து கொண்டுவந்த இன்னொரு ஞானம்.

"நம்ம மேடம் ஒரு 'வாய்ப்பு' கண்டுபிடிச்சிருக்காங்க" என்று பூட்டு சார் தொடங்கினார். அந்த அலுவலகத்தில் 'பிரச்சினை' என்ற சொல் தடை செய்யப்பட்டிருந்தது. "அனுமதி இல்லாதவங்க, அனுமதியை மீறிப் பெட்டிக்குள்ள போறதுக்கான வாய்ப்பு."

தலைவர் கண்களை மூடினார். பந்து மெதுவாக ஏறி இறங்கியது.

"மீறல்னா என்ன?"

"குடுத்த அனுமதிக்கு மேல போறது சார்."

"ஏன் மேல போறாங்க?"

"குடுத்தது பத்தல."

"அப்ப தப்பு போனவங்க மேலயா, அனுமதி மேலயா?"

மென்பொருள் சோதனைப் பிரிவிலிருந்த வானொலி அம்மாள்தான் முதலில் உணர்ச்சிவசப்பட்டார். அணைக்கும் பொத்தான் இல்லாததால் அவருக்கு அந்தப் பெயர். "அனுமதி மேலதான் சார்!" என்றார்.

"எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுத்துட்டா?"

பூட்டு சாரின் கையிலிருந்த பேனா நழுவியது. "மேல போறதுக்கு, மேலன்னு ஒண்ணு இருக்காது சார்."

"மீறல்?"

"பூஜ்யம் சார்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. சின்னவள் எழுந்து நின்று தொண்டையைச் செருமினாள். "ஆனா சார், கோப்புறை..." என்றாள். அந்த நேரம் பார்த்துக் காப்பி இயந்திரம் புஸ்ஸென்று ஆவி விட்டது.

"பாருங்க" என்றார் தலைவர் கனிவோடு. "சந்தோஷத்துல அவங்களுக்குப் பேச்சே வரல."

மறுவாரம் 'முழு அனுமதி நாள்' கேக் வெட்டிக் கொண்டாடப்பட்டது. எல்லாக் கணக்குகளுக்கும் எல்லாப் பெட்டிகளும் திறந்துவிடப்பட்டன. வரவேற்பறைப் பெண்ணுக்கும், வாசல் காவல்காரருக்கும் கிடைத்தது. காப்பி இயந்திரத்துக்கும் கிடைத்தது. பால் தீர்ந்தால் தானே சொல்லியனுப்புவதற்காக அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. பாரபட்சம் கூடாது. பூட்டு சார் ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். மீறல்களைக் காட்டும் கோடு மலையிலிருந்து விழுந்த கல்லைப்போலச் சரிந்து தரையைத் தொட்டு, அதன் பிறகு எழுந்திருக்கவேயில்லை.

சின்னவளுக்கும் கௌரவம் செய்தார்கள். இத்தனைக்கும் காரணமானவள் என்பதால் அவளைக் 'கதவு மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முழு அனுமதி இப்போது அவளிடமும் இருந்தது. ஒரு நாள் காலையில், யாரும் வருமுன், அவள் தானே அந்த ஒரு வரியைத் தட்டிக் கோப்புறையை மூடினாள். அன்றைக்கு அவள் காலை உணவைக்கூட ரசித்துச் சாப்பிட்டாள். சற்று நேரத்தில் காப்பி இயந்திரம் நின்றது. அதன் நிரல் அந்தக் கோப்புறை வழியாகத்தான் எதையோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அலுவலகம் இழவு வீடு போலாயிற்று. "தெறந்து விடுங்கப்பா!" என்று ஒரு குரல் வந்தது. யாரோ திறந்துவிட்டார்கள். எல்லோரிடமும் அனுமதி இருந்ததால் அது யாரென்று கேட்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். காப்பி இயந்திரத்துக்கு முழு அனுமதி கொடுத்த கதையைச் சின்னவள் சொன்னாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"இப்பல்லாம் தூங்கறேன்டி" என்றாள் தணிந்த குரலில். "அந்த டாக்டரம்மாகிட்ட ஒரு விஷயம் சொன்னேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டகூட. சொன்னதும் நெஞ்சுல இருந்து ஒரு மூட்டையை எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு."

"என்னக்கா?"

"சொல்ல மாட்டேன் போ. உங்க பெட்டியில இருக்கு, பத்திரமா இருக்கட்டும்." அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். "பத்திரமாத்தான இருக்கு?"

சின்னவள் தொண்டையைச் செருமினாள். இந்த முறை யாரும் குறுக்கே பேசவில்லை.

"இருக்குக்கா" என்றாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அவள் அனுமதி கேட்கும் பக்கத்தைத் திறந்தாள். எல்லோரிடமும் எல்லாம் இருந்ததால் அந்தப் பக்கத்துக்கு யாரும் போவதில்லை. அந்த ஒரு பெட்டியை மட்டும் தனிக் கணினிக்கு மாற்றிப் பின்பக்கத்தை மூடி வைக்க வேண்டும் என்பது அவள் கோரிக்கை. தானே மாற்றியிருக்கலாம்தான். ஆனால் தானே மூடியதைத் திறக்க ஒரு வாய்க் காப்பி போதும் என்று அவள் பார்த்துவிட்டாள். மேலேயிருந்து உத்தரவாக வந்தால் ஒருவேளை நிற்கும்.

காரணம் என்ற இடத்தில் 'பாதுகாப்பு' என்று எழுதினாள். 'பாதுகாப்பு ஏற்கெனவே முழுமையடைந்துவிட்டது. வேறு காரணம் தருக' என்று பதில் வந்தது.

'தனிப்பட்ட காரணம்' என்று எழுதினாள். 'இங்கே தனிப்பட்டது என்று எதுவும் இல்லை' என்று வந்தது. அது கொள்கையா எச்சரிக்கையா என்று தெரியவில்லை.

'அவசரம்' என்று எழுதினாள். 'யாருக்கு?' என்று கேட்டது.

பொய் சொல்லிப் பழகியிருந்தால் அங்கே தப்பித்திருப்பாள். பூட்டு சார் ஒருவர்தானே பார்க்கப்போகிறார் என்று நினைத்து உள்ளதை எழுதினாள்: 'என் அக்கா அந்த மையத்துக்குப் போகிறாள். அவள் சொன்னவை அந்தப் பெட்டியில் உள்ளன. வேறு யாரும் படித்துவிடக் கூடாது.'

'நன்றி' என்று வந்தது.

கூடத்தில் யாரோ "அட!" என்றார்கள். சின்னவள் திரும்பிப் பார்த்தாள். சுவரில் சூரியனைக் காணோம். கடலையும் காணோம். அவற்றின் இடத்தில் அவளுடைய கோரிக்கை, ஒவ்வொரு எழுத்தும் தலைவரின் பந்தளவுக்குப் பெரிதாக, ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பூட்டு சாருக்கு நினைவு வந்தது. "ஆமாம்ல! வெளிப்படைத்தன்மைத் திரை! யாராவது அனுமதி கேட்டா எல்லாருக்கும் தெரியணும்னு மாட்டினோம். இதுவரைக்கும் யாருமே கேக்கலையா, மறந்தே போச்சு."

*

உலகில் அந்த அலுவலகத்தைப்போல அன்பான இடம் இருக்க முடியாது. மறுநாள் சின்னவள் நுழையும்போதே காவல்காரர் எழுந்து நின்றார்.

"கவலைப்படாதீங்கம்மா. எல்லாம் சரியாயிடும்."

வரவேற்பறைப் பெண் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "மூலிகைத் தலையணைங்க. தலைக்கு வெச்சா நல்லாத் தூக்கம் வரும். உங்களுக்கு இல்ல, அவங்களுக்கு."

தலைவர் பந்திலிருந்து இறங்கியே வந்தார். அது அபூர்வம். "உங்க அக்காவைப் பந்து மேல உக்காரச் சொல்லுங்க. கரும்பலகை முன்னால நிக்கறப்போ நெஞ்சு படபடக்கறது நின்னுடும்" என்றார்.

சின்னவள் தன் கதவு மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கரும்பலகை சங்கதியை அவள் எந்தக் கோரிக்கையிலும் எழுதவில்லை.

வானொலி அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன. பொய்க் கலக்கம் இல்லை, நிஜமாகவே.

"எனக்கு மனசே கேக்கலம்மா. ஸ்கூல் விட்டு வர்றப்ப, எறங்க வேண்டிய ஸ்டாப் வந்தாலும் எறங்காம பஸ்லயே உக்காந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிடறாங்களாமே. அங்க எறங்கி, கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு, அடுத்த பஸ்ல திரும்பி வர்றாங்களாம். வீட்டுல ஸ்டாஃப் மீட்டிங்னு சொல்லிக்கறாங்க பாவம். அங்க நின்னா என்ன தோணுதுன்னு டாக்டரம்மா கேட்டிருக்காங்க. 'யாரும் என்னைக் கூப்பிடாத எடம்'னு சொல்லியிருக்காங்க. படிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அக்கா இறக்கி வைத்த மூட்டை அதுதான் என்று சின்னவளுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

"நீங்க அந்தப் பெட்டிக்குள்ள போனீங்களா?" என்று கேட்டாள் சின்னவள்.

வானொலி அம்மாளுக்குச் சுருக்கென்றது. "என்னம்மா இப்படிக் கேக்கறே? அனுமதி இருக்கே! அனுமதி இல்லாம அடுத்தவங்க விஷயத்தை நான் தொட்டதாச் சரித்திரமே கிடையாது."

"அது அக்கா குடுத்த அனுமதி இல்லையே."

"அக்கறையிலதானம்மா பாத்தோம்" என்றார் வானொலி அம்மாள். அந்தப் பன்மையைச் சின்னவள் கவனித்தாள்.

அன்று மாலை அவள் அக்கா இறங்கும் நிறுத்தத்தில் போய் நின்றாள். பேருந்து வந்தது. அக்கா சன்னலோரம் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்குவதற்கான அசைவு எதுவும் அவளிடம் இல்லை. கடைசி நொடியில் தங்கையைக் கண்டு, பதறியடித்துக்கொண்டு இறங்கினாள்.

"என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?"

சின்னவள் சொன்னாள். வாழ்க்கையில் முதல் முறையாகச் செருமாமல், நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"ஆபீஸ்ல எல்லாருக்கும்."

"வாசல்ல இருக்கற காவல்காரருக்கு?"

"தெரியும்க்கா."

"காப்பி மெஷினுக்கு?"

"அதுக்கும் அனுமதி இருக்கு."

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நெசமாவே பல்லு டாக்டர்கிட்ட போயிருக்கலாம்டி" என்றாள். "வாயைத் தெறக்கச் சொன்னாலும், பேச விட மாட்டாரு."

அந்த வியாழக்கிழமை முதல் அவள் எங்கும் போகவில்லை. பல் சரியாகிவிட்டது என்று வீட்டில் சொன்னாள். மாமியாருக்கு நிம்மதி. "நான்தான் சொன்னேனே, பேசாம இருந்தா தானா சரியாயிடும்னு" என்றார்.

*

ஏன் வரவில்லை என்று கேட்ட டாக்டரம்மாவிடம் அக்கா காரணத்தைச் சொன்னதும், மையத்திலிருந்து புகார் வந்தது. நிறுவனம் அதை மிகுந்த பொறுப்புடன் அணுகியது. விசாரணைக்குத் தலைவர் பந்தை விட்டுவிட்டு நாற்காலியில் அமர்ந்தார் என்பதிலிருந்தே அதன் தீவிரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

"அனுமதி இல்லாம அந்தப் பெட்டிக்குள்ள போனவங்க யாரு?" என்றார்.

பூட்டு சார் கணினியைத் துருவிவிட்டு நிமிர்ந்தார். "யாருமே இல்ல சார்."

"அனுமதியை மீறினவங்க?"

"பூஜ்யம் சார்."

"அந்தப் பெட்டியில தனியா ஆர்வம் காட்டினவங்க?"

பூட்டு சார் சின்னவளைப் பார்த்தார். பிறகு தன் பித்தளைப் பூட்டைப் பார்த்தார். "ஒருத்தர் மட்டும் சார். கோரிக்கை போட்டிருக்காங்க."

"நான் கேட்டேன்" என்றாள் சின்னவள். "மத்தவங்க கேக்காமயே போய்ப் பாத்தாங்க."

"பாத்தாங்க. அது அவங்க உரிமை" என்றார் தலைவர். "நீங்க ஏன் கேட்டீங்க? முழு அனுமதி கையில இருக்கற ஒருத்தர் எதுக்கு அனுமதி கேக்கணும்? மனசுல ஏதோ உறுத்தினாத்தான கேப்பாங்க?"

"அந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு அதுவரைக்கும் எங்க யாருக்குமே தெரியாதே சார்" என்றார் வானொலி அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இவங்க சொல்லித்தான போனோம். நல்ல பொண்ணுதான். ஆனா கேட்டுட்டா."

இதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

சின்னவள் தன் மேசைக்குத் திரும்பினாள். சாவித்துளையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள். கணினியைத் தொட்டபோது திரையில் இரண்டே சொற்கள் வந்தன. 'அனுமதி மறுக்கப்பட்டது.' அந்த நிறுவனத்தில் அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அழகாகத்தான் இருந்தது.

பின்னால் பூட்டு சார் சங்கடத்துடன் நின்றுகொண்டிருந்தார்.

"அனுமதியை எடுக்கறதுக்கு நடைமுறையே இல்லன்னீங்களே சார்?"

"நேத்துதான் உருவாக்கினோம் மேடம்" என்றார் அவர். "ஒரே வரிதான். நீங்க சொன்ன மாதிரியே."

அவள் கூடத்தைக் கடந்து வெளியே போகும்போது சுவரில் சூரியன் மறுபடியும் உதிக்கத் தொடங்கியிருந்தது. பெட்டிகளின் பின்பக்கம் திறந்தே கிடந்தது. காப்பி இயந்திரம் சீராக ஓடியது.

அந்த ஆண்டும் விருது அவர்களுக்கே கிடைத்தது. பாராட்டுரையில், 'இந்த நிறுவனத்தில் அனுமதியின்றி உள்ளே நுழைந்தவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது' என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கதவைத் தட்டிவிட்டு வெளியே காத்து நின்ற ஒருத்திதான் அங்கே இருந்தாள். அவளைப் பிடித்துவிட்டார்கள்.